பாக்கெட்டின் பின்பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் சத்து விவரப் பட்டியலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

வாசகி, தேனி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் திருப்பிப் படித்துவிட்டு, பாதியை அங்கேயே வைத்துவிடச் சொல்கிறாள். அந்தக் கணக்கையெல்லாம் கம்பெனிக்காரர்களே எழுதிக்கொள்வதுதானே? அதைப் படித்து என்ன பிரயோஜனம்?

பதில்: மகளைத் தடுக்காதீர்கள், அவள் செய்வது நல்ல பழக்கம். கம்பெனிதான் எழுதுகிறது, சரி. ஆனால் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முன்பக்கம் விற்கிறவருடைய இடம், அங்கே வயலும் பசுவும் பாதாமும் படமாக இருக்கும். பின்பக்கத்தில் என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்பதை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2020-இல் வந்த லேபிள் விதிமுறைகளும் சொல்கின்றன. கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, அதில் தனியாகச் சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு (நெய், பாமாயிலில் அதிகம் இருப்பது), டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும், இதயத்துக்கு ஆகாத கொழுப்பு), கொலஸ்ட்ரால், சோடியம், இத்தனையும் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையிலிருந்து சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், லேபிளில் தவறு என்று தெரிந்தால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லாச் சரக்கையும் சோதிக்க ஆள் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்தில் கொடுத்த கணக்கு என்று ஒன்று இருந்தால்தான் நாளைக்கு அதைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியும்.

சத்துப் பட்டியலுக்கு முன்னால் நான் பார்ப்பது சேர்மானப் பட்டியலை, அதாவது என்னென்ன போட்டுச் செய்தது என்ற பட்டியலைத்தான். எது எடையில் அதிகமோ அது முதலில், அடுத்தது அதற்குப் பின்னால், இப்படி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாக்கெட்டின் பாதிக் கதை தெரிந்துவிடும். பெரும்பாலான பிஸ்கட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில், இந்த மூன்றும்தான் முதலில் நிற்கும், முன்பக்கத்தில் ஓட்ஸ் கதிரும் தேன் சொட்டும் படமாக இருந்தாலும் கூட. இன்னொன்றையும் கவனியுங்கள். சர்க்கரை ஒரே பெயரில் வராது. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் என்று பிரித்துப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் எங்கே வந்து நிற்கும் என்பது சேர்த்த சர்க்கரை என்ற வரியில்தான் தெரியும். அதனால்தான் இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பட்டியல் நமக்கு நிஜமாக உதவுவது இரண்டு பாக்கெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான். ஒரே விலை, ஒரே எடை, ஒரே மாதிரி பெயர், ஆனால் ஒன்றில் 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை, இன்னொன்றில் 25 கிராம். உங்கள் மகள் திரும்ப வைக்கச் சொல்வது அந்த 25-ஆக இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

வாசகர், ராணிப்பேட்டை: பணி ஓய்வு பெற்றவன், பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பாக்கெட்டில் உப்பு என்று எங்கேயும் காணோம், சோடியம் மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. அதை எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: சுலபம் ஐயா. சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், தோராயமாக ஒரு டீஸ்பூன், இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் லேபிள்களில், ஒரு நாள் அளவில் இது எத்தனை சதவீதம் என்று போடும் கணக்கும் இதே 2000-ஐ வைத்துத்தான்.

இப்போது நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கிறது, பாக்கெட் 70 கிராம் என்றால் நமக்குள் போவது 630 மில்லிகிராம். உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு தட்டிலேயே முடிந்துவிட்டது, அதற்கப்புறம் இட்லி, சட்னி, சாம்பார், ரசம் எல்லாம் இருக்கிறது. உண்மையில் கடையில் இருக்கும் பல நூடுல்ஸில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமையும் தாண்டிவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். சில பாக்கெட்டில் 100 கிராம் கணக்கு ஒரு ஓரமாகவும், ஒரு பரிமாறலுக்கு (சர்விங்) இவ்வளவுதான் என்ற கணக்கு கண்ணில் படும்படியாகவும் இருக்கும். அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்று பாருங்கள். 150 கிராம் மிக்சர் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 30 கிராம் என்று இருந்தால், அது ஒரு கைப்பிடிதான். டிவி பார்த்துக்கொண்டே யார் ஒரு கைப்பிடியோடு நிறுத்துகிறார்கள்? பரிமாறல் அளவை வைத்து இரண்டு கம்பெனிச் சரக்கை ஒப்பிடவும் முடியாது, ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 35 கிராம் என்பார். எப்போதும் 100 கிராம் கணக்கைப் பாருங்கள், அப்புறம் நீங்கள் சாப்பிடுகிற அளவுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேபிளில் போடும் அந்தச் சதவீதமும் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒரு சராசரி பெரியவருக்கானது. பிரஷர் உள்ள உங்களுக்கோ, உங்கள் பேரக்குழந்தைக்கோ போட்ட கணக்கு கிடையாது.

அப்பளம், ஊறுகாய், சிப்ஸ், சூப் பவுடர், கெட்ச்அப், இவற்றில் சோடியம் வரியை விடாமல் பாருங்கள். நாக்கில் உப்புக் கரிக்காத பிரெட், பிஸ்கட்டிலும் சோடியம் உண்டு, ஏனென்றால் சமையல் சோடாவும் சோடியம்தான்.

வாசகி, நாகர்கோவில்: மகனுக்கு ஆறு வயது. பாலில் சத்துபானப் பவுடர் போடாவிட்டால் குடிக்க மாட்டேன் என்கிறான். காலையும் மாலையும் கொடுக்கிறேன். வைட்டமின் எல்லாம் இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, கொடுக்கலாம்தானே அக்கா?

பதில்: வைட்டமின் சேர்த்திருப்பது பொய்யாக இருக்காது. ஆனால் அதனோடு எது சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். டப்பாவைத் திருப்பி, சேர்த்த சர்க்கரை என்ற வரியைப் படியுங்கள். 100 கிராமுக்கு 32 கிராம் என்று இருந்தால், நீங்கள் போடும் 20 கிராம் பவுடரில் ஆறரை கிராம் சர்க்கரை. இரண்டு வேளைக்கு 13 கிராம். இதற்கு மேல் டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போடுகிற வீடுகள் நிறைய, அப்படியென்றால் 20 கிராமைத் தாண்டிவிடும். ஆறு வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 1300, 1400 கலோரிதான் தேவை. சேர்க்கும் சர்க்கரை அதில் பத்தில் ஒரு பங்குக்குள், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 33, 34 கிராமுக்குள், முடிந்தால் 17-க்குள். பிஸ்கட், மிட்டாய், கேக் எதையும் எண்ணாமலே பாலிலேயே அந்த 17 தீர்ந்துவிடுகிறது.

நான் சும்மா 32 என்று எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த வருடக் கடைசியில், போர்ன்விட்டாவில் சேர்த்த சர்க்கரையின் அளவு 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைந்தது. மறு வருடம் ஏப்ரலில், இப்படிப்பட்ட பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பின் கீழ் ஆன்லைனில் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது, ஏனென்றால் ஹெல்த் டிரிங்க் என்று ஒன்றை நம் உணவுச் சட்டம் வரையறுக்கவே இல்லை. தேனி வாசகி கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. அந்தச் சர்க்கரை எண் டப்பாவில் அச்சாகித்தான் இருந்தது, ஒருவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் குறைந்தது. அமெரிக்காவில் 2006-இல் டிரான்ஸ் கொழுப்பின் அளவை லேபிளில் கட்டாயம் போட வேண்டும் என்று வந்தபோதும் இதுதான் நடந்தது. அந்த எண்ணை அச்சடிக்கத் தயங்கி நிறையக் கம்பெனிகள் எண்ணெயையே மாற்றிக்கொண்டன. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து கொழுப்பு, எண்ணெய் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

உங்கள் பையனுக்கு ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், அடம் பிடிப்பான். தனியாகப் போடும் சர்க்கரையை முதலில் நிறுத்துங்கள். அடுத்த வாரம் பவுடரைப் பாதியாகக் குறையுங்கள். வீட்டில் அரைத்த சத்துமாவுக் கஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்ட பால், நசுக்கிய பேரீச்சம்பழம், இதில் எது அவனுக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். கடையில் சத்துமாவு வாங்கினாலும் சேர்மானத்தைப் படியுங்கள், சிலவற்றில் சர்க்கரை கலந்தே வருகிறது. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

வாசகர், ஈரோடு: அப்பாவுக்குச் சுகர். சுகர் ஃப்ரீ பிஸ்கட் என்றால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்.

பதில்: சாப்பிடக் கூடாது. 100 கிராமில் அரை கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் சுகர் ஃப்ரீ என்று போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனால் பிஸ்கட்டே மைதாவில் செய்தது, 100 கிராமில் 60, 70 கிராம் மாவுச்சத்து இருக்கும், அது வயிற்றில் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) என்று சேர்மானத்தில் இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகளைச் சேர்த்திருந்தால், நிறையச் சாப்பிடும்போது வயிற்றுப்போக்கும் வரலாம். அப்பாவுக்குச் சர்க்கரை வரியைக் காட்டாதீர்கள், மொத்த மாவுச்சத்து வரியைக் காட்டுங்கள்.

வாசகி, கரூர்: பிரவுன் பிரெட், மல்டி கிரெய்ன், பாதாம் பிஸ்கட், பழச்சாறு, இதெல்லாம் சாதாரணத்தை விட நல்லதா?

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நல்ல விதி இருக்கிறது, இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எந்தப் பொருளைப் பெயரிலோ படத்திலோ பெரிதாகக் காட்டுகிறார்களோ, அது எத்தனை சதவீதம் என்று சேர்மானத்தில் போட வேண்டும். பாதாம் பிஸ்கட்டில் பாதாமுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத் தேடுங்கள், பல நேரம் அது மிகச் சிறிய எண்ணாக இருக்கும். பிரெட்டில் முதல் பெயர் முழுக்கோதுமை மாவா, மைதாவா என்று பாருங்கள். மைதா முதலில் இருந்து, கீழே 150 என்று தொடங்கும் எண் இருந்தால், அந்த பிரவுன் நிறம், சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் கேரமலைச் சேர்த்ததால் வந்தது. பழச்சாறு விஷயத்தில், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிப்பதை 100 சதவீதப் பழச்சாறு என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், அதில் நார்ச்சத்தாவது மிஞ்சும்.

வாசகி, தஞ்சாவூர்: வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. 322, 471, 500 போன்ற எண் இருந்தால் பன்றிக் கொழுப்பு, புற்றுநோய் என்றெல்லாம் இருக்கிறது. படித்ததிலிருந்து எதை வாங்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஐ.என்.எஸ் என்று போட்டு வரும் எண்கள் உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் வரிசை எண்கள். 500 நம் வீட்டுச் சமையல் சோடா. 330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 322 லெசிதின், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைப்பது, பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 471-ம் அதே வேலைக்குச் சேர்ப்பதுதான், அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. அசைவத்துக்கு இப்போது பழுப்பு நிற முக்கோணம்.

621 அஜினமோட்டோ. அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் 627, 631, 635 எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், அவையும் சுவை கூட்டத்தான் சேர்ப்பது. 211 கெடாமல் இருக்க, 102 மஞ்சள் நிறத்துக்கு. குழந்தைகள் தினமும் சாப்பிடும் பொருளில் செயற்கை நிறம் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வருத்தத்தோடுதான் சொல்கிறேன். எண்ணைப் பார்த்துப் பயப்படுகிற பல பேர், அதே பட்டியலின் முதலில் நிற்கும் சர்க்கரையையும் பாமாயிலையும் பார்த்துப் பயப்படுவதில்லை. நான் பார்க்கிற நோயாளிகளுக்குச் சுகரும் கொழுப்புக் கல்லீரலும் 471-ஆல் வந்ததாக நினைவில்லை.

வாசகி, மதுரை: கணவருக்குச் சிறுநீரகப் பிரச்சினை. பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைக்கச் சொல்கிறார்கள். எந்தப் பாக்கெட்டிலும் அந்த இரண்டும் போடவில்லையே?

பதில்: நீங்கள் தேடியது சரி, கிடைக்காததும் உங்கள் தவறில்லை. கட்டாயப் பட்டியலில் அவை இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இந்த லேபிள் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சேர்மானத்தில் சில எண்களை வைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், கோலா பானங்களில் இருக்கும். 339, 340, 341, 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட் வகைகள், பதப்படுத்திய சீஸ், இறைச்சி, சில பேக்கரிப் பொருட்களில் பார்க்கலாம். இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட், பருப்பில் இயற்கையாக இருப்பதை விட எளிதாக உடம்பில் ஏறிவிடும், அதனால் அந்த எண்கள் இருந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம், பிரஷருக்கு நல்லது என்று குறைந்த சோடியம் உப்பு விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அது ஆபத்து. உங்கள் நெப்ராலஜி டாக்டர் சொல்லாமல் அந்த உப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ராணிப்பேட்டை வாசகரும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

வாசகர், திருவண்ணாமலை: என் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். வீட்டுக்கு வாங்குவது, சமைப்பது எல்லாம் அவர்தான். நீங்கள் சொல்லும் பட்டியல் ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு சைஸில் இருக்கிறது. அவருக்கு இதனால் என்ன உபயோகம்?

பதில்: இன்றைய நிலையில், பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விதிப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழிகள் விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. தமிழில் விளம்பரம் எடுக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு, தமிழில் சேர்மானம் அச்சடிக்க முடியாதா? பாக்கெட்டின் பெயரைத் தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு, சோடியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாகப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

படிக்கத் தேவையே இல்லாத வழி ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. சிலி நாட்டில் 2016-இலிருந்து, சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ கலோரியோ அளவுக்கு மேல் இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. மூன்று முத்திரை இருந்தால் மூன்று விஷயம் அதிகம், குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். முத்திரை விழுந்த பொருளில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மை போடவும் அங்கே தடை. மெக்சிகோவும் 2020-இல் இதைக் கொண்டுவந்தது.

நம் ஆணையம் 2022 செப்டம்பரில் வேறு ஒரு வரைவை வெளியிட்டது, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் கொடுக்கும் முறை. அதில் எனக்குச் சம்மதம் இல்லை. உப்பும் சர்க்கரையும் அதிகம் இருக்கும் பொருளில் கொஞ்சம் நார்ச்சத்தும் பருப்பும் சேர்த்தால் மதிப்பெண் ஏறும், அப்போது அந்தப் பாக்கெட் இரண்டு நட்சத்திரம் வாங்கும், வாங்குகிறவருக்கு அது பாராட்டாகத்தான் தெரியும். 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மூன்றையும் தடித்த, பெரிய எழுத்தில் போடும் யோசனைக்கு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க எச்சரிக்கை பற்றி மூன்று மாதத்தில் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என்றது, பிறகு அவகாசம் நீண்டது. கறுப்பு முத்திரை வேண்டும், பக்கத்தில் அந்தந்த மாநில மொழி வேண்டும், இதை எங்கே பேசக் கூப்பிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆணையம் வரைவு வெளியிடும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். அப்போது உங்கள் கடிதத்தை அப்படியே அவர்களுக்கு அனுப்புங்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: மாதா மாதம் வாங்குகிற பாக்கெட்டுகளை நீங்களோ பிள்ளைகளோ ஒரு முறை உட்கார்ந்து படித்து, உப்பு, சர்க்கரை, கொழுப்பு என்று மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி சமையலறையில் ஒட்டுங்கள். சேர்மானம் மாறாத வரை அது செல்லும்.

வாசகி, விழுப்புரம்: பெட்டிக்கடையில் விற்கும் சின்ன மிட்டாய்ப் பாக்கெட்டில் ஒன்றுமே எழுதவில்லையே, அது சட்டப்படி தப்புதானே? ஸ்வீட் ஸ்டாலில் தட்டில் வைத்திருப்பதற்கு?

பதில்: பாக்கெட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் சேர்மானமும் சத்து விவரமும் போடாமல் விடலாம். ஆனால் அவை மொத்தமாக வரும் பெரிய கவரிலோ டப்பாவிலோ இருந்தாக வேண்டும். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்து கடையில் எழுதி வைக்க வேண்டும்.

வாசகர், திருப்பூர்: பக்கத்துக் கடையில் வாங்கிய பாக்கெட்டில் தேதியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேட்டால் சண்டைக்கு வருகிறார்.

பதில்: சண்டை வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்காமல், ஸ்டிக்கரை உரிக்காமல், பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற ஆணையத்தின் செயலியில் புகார் செய்யலாம், அல்லது உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுக்கலாம். புகாரின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.